நேரத்துக்கு வருவதும் நேரத்தோடு வருவதும்



கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் ரிட்டயர் ஆனாலும் மணி அடிக்கும்வரை பேசுகிற பழக்கம் போகவில்லை. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் 1988 பத்தாம் வகுப்பு பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரகளை. குழுவில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடுத்த மாதம் எல்லோரும் ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம் என்று ஏற்பாடு. பாலக்கரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற நம்ம தம்பிதான் ஓடியாடி மண்டபம் பிடித்து, சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து, அழைப்பையும் எழுதிப் போட்டான். இங்கிலீஷில் எழுதியிருந்தான். வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று நினைத்திருப்பான். அதில் ஒரு வரி: "ஃபங்ஷன் வில் ஸ்டார்ட் இன் டென் ஓ கிளாக். ஆல் ஆர் ரெக்வெஸ்டட் டு கம் பிஃபோர் ஹாஃப் அன் ஹவர்."

ஐந்து நிமிஷத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பதில். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை நாலு. கூடவே, "எந்த ஹாஃப் அன் ஹவருக்கு முன்னாடி மாப்ளே? எதுக்கு முன்னாடி?" அதற்குக் கீழே இன்னும் பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். ஒருவன் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு காணாமல் போய்விட்டது. "திஸ் மெசேஜ் வாஸ் டிலீட்டட்" என்று மட்டும் இருந்தது. அரை மணி கழித்து அதே விஷயத்தைத் தமிழில் போட்டிருந்தான்.

மூணு நாளாக நான் பதில் போடவில்லை. காரணம் உண்டு. "எதுக்கு முன்னாடி?" என்ற அந்தக் கேலி என்னுடையது. 1987இல் வகுப்பில் நான் சொன்னது. பெங்களூர்த் தம்பி அதை என்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கேட்ட தீர்ப்பு.

"இன் டென் ஓ கிளாக்" தப்பு. "அட்" வரவேண்டும். "பிஃபோர் ஹாஃப் அன் ஹவர்" தப்பு. "ஹாஃப் அன் ஹவர் அர்லி" அல்லது "பை நைன் தர்ட்டி" என்று எழுதியிருக்கலாம். ஆனால் "அரை மணி முன்னாடியே வந்துடுங்க" என்று நினைத்துத்தான் அவன் எழுதினான், படித்த எல்லோருக்கும் அது புரிந்தது. புரியாமல் யாரும் சிரிக்கவில்லை. புரிந்துதான் சிரித்தார்கள்.

நாம் காலத்தைச் சொல்லும்போது இங்கிலீஷில் தடுமாறுவதற்குத் தமிழ்தான் காரணம், தமிழில் நினைப்பதை நிறுத்து என்று முப்பத்தி இரண்டு வருஷம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அது பாதிப் பொய் என்று படுகிறது. நிறைய இடங்களில் தமிழை ஒழுங்காகக் கேட்டிருந்தால் தப்பே வந்திருக்காது. நாங்கள்தான் அதை வகுப்பு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கச் சொன்னோம்.

"இன் டைம்", "ஆன் டைம்" இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! ஒன்று போதுமான அவகாசத்தோடு வருவது, இன்னொன்று குறித்த நேரத்தில் வருவது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். பரீட்சைக்கு மறுநாள் மறந்துபோவீர்கள். ஆனால் உங்கள் அம்மா இரண்டையும் ஒருநாளும் குழப்பியதில்லை. "மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இன்னைக்கு நேரத்துக்கு வந்துடுச்சு" என்பாள். "ஸ்டேஷனுக்கு நேரத்தோட கிளம்பு" என்பாள். நேரத்துக்கு என்றால் ஆன் டைம். நேரத்தோடு என்றால் இன் டைம். ரயில் நேரத்துக்கு வந்தால் போதும். நீங்கள் நேரத்தோடு போகவேண்டும். நீங்களும் ரயிலைப் போலவே "நேரத்துக்கு" ஜங்ஷன் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினால், ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியின் பின்னால் தெரிகிற குறியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். வைகுண்ட ஏகாதசி அன்று விடியற்காலையில் பரமபத வாசல் திறக்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வாசல் ஆன் டைம் திறக்கும். பெருமாளும் ஆன் டைம். ஆனால் உங்களில் யாராவது அந்த நேரத்துக்குச் சரியாக ராஜகோபுரத்தடியில் போய் நின்று உள்ளே போனதுண்டா? முதல்நாள் ராத்திரியே போனவர்கள்தான் இன் டைம். என் அக்கா எழுபது வயதிலும் துண்டு, தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் புளியோதரை என்று மூட்டை கட்டிக்கொண்டு போவாள். அவள் இங்கிலீஷ் படித்ததில்லை. இந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

"ஆன் டைம்" என்பது அட்டவணை வைத்திருப்பவர்களின் பேச்சு. இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று 1906இல் வைப்பதற்கு முன்னால் ரயில்வே மெட்ராஸ் நேரத்தில் ஓடியது, ஊர்களுக்கு அவரவர் நேரம் இருந்தது. பஞ்சாங்கமும் ஒருவகை அட்டவணைதான். செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூணு மணி முதல் நாலரை மணி வரை என்றால் அது ஒரு நிமிஷம் லேட்டாகத் தொடங்கினதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அட், ஆன், இன் பற்றி ரொம்பப் பேச மாட்டேன். மணிக்கு அட். கிழமைக்கும் தேதிக்கும் ஆன். காலையில், மார்கழியில், 1988இல் என்று "இல்" வருகிற இடத்தில் பெரும்பாலும் இன். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு இடத்தோடு காலத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். காலமும் ஓர் இடம்தான் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. தொல்லை கொடுப்பது ராத்திரி ஒன்றுதான். "இன் தி மார்னிங்", "இன் தி ஈவினிங்" என்று சொல்லிக்கொண்டு வந்து ராத்திரிக்கு "அட் நைட்" என்று ஏன் மாற்றுகிறார்கள் என்று 1979இல் பயிற்சிக் கல்லூரியில் கேட்டேன். வழக்கம் என்றார்கள். எனக்குப் பிறகு என்னிடம் கேட்டவர்களுக்கு நானும் அதையே சொன்னேன்.

"சின்ஸ்", "ஃபார்" கதை சுவாரஸ்யமானது. "ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்." டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை காதில் விழும். டாக்டரே சொல்வார். ஆனால் தமிழில் நாம் எப்படிச் சொல்கிறோம்? "மூணு நாளா காய்ச்சல்." "திங்கட்கிழமையிலேர்ந்து காய்ச்சல்." இரண்டும் வேறு வேறு. நாளா, மாசமா, வருஷமா என்று நீளத்தைச் சொன்னால் ஃபார். "இலேர்ந்து" என்று தொடக்கத்தைச் சொன்னால் சின்ஸ். தமிழ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறது. இந்திக்காரர்கள் பாவம், அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே "சே". "தீன் தின் சே", "சோம்வார் சே". அவர்கள் "சின்ஸ் த்ரீ டேஸ்" என்றால் நியாயம் இருக்கிறது. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. நாம் இதை வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை, ஆபீஸ் இங்கிலீஷிலிருந்து தொற்றிக்கொண்டோம் என்பது என் ஊகம். தமிழிலிருந்து வருகிற சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. "மூணு நாளா இருக்கு" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் "ஹேவ் ஹேட்" வாயில் வர மறுக்கிறது. திருத்த வேண்டியது அதைத்தான். நாங்கள் சின்ஸையும் ஃபாரையும் வைத்துக்கொண்டு மாரடித்தோம்.

இப்போது 1987.

கல்லணைச் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பையன் வருவான். பேர் வேண்டாம். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் அப்பாவோடு வாழை இலைக் கட்டுகளைக் காந்தி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம் வருவான். சட்டையில் வாழைக்கறை இருக்கும். அந்தக் கறை போகாது, உங்களுக்குத் தெரியுமே. ஒருமுறை நாலு நாள் வரவில்லை. வந்ததும் லீவ் லெட்டர் நீட்டினான். என் வகுப்பில் லீவ் லெட்டரை உரக்கப் படிக்கவேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். பேச்சுப் பயிற்சியாம். படித்தான். "மை கிராண்ட்மதர் எக்ஸ்பயர்ட் பிஃபோர் த்ரீ டேஸ்."

நான் கேட்டேன்: "பிஃபோர் த்ரீ டேஸா? எதுக்கு முன்னாடி? இன்னும் மூணு நாள் கழிச்சு என்ன நடக்கப்போகுது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாக நினைவிருக்கிறது, நல்ல ஜோக் சொன்ன திருப்தியோடு சிரித்தேன். அவன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் அவன் வாயிலிருந்து இங்கிலீஷ் வரவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். உட்காரச் சொல்லும்வரை நிற்பான். பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டான். அதனால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அவன் சொன்னதில் என்ன தப்பு? "மூணு நாளைக்கு முன்னாடி பாட்டி செத்துட்டாங்க." சுத்தமான தமிழ். எதற்கு முன்னாடி என்று தமிழில் யாரும் கேட்க மாட்டார்கள். வேறு எதையும் சொல்லாவிட்டால் "இப்போதைக்கு" முன்னாடி என்றுதான் அர்த்தம். இங்கிலீஷ் அந்த "இப்போது" என்பதை "அகோ" என்ற தனிச் சொல்லுக்குள் வைத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். "கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி" என்றால் கல்யாணம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டோம், அதனால் "த்ரீ டேஸ் பிஃபோர் தி வெட்டிங்". எதையும் சொல்லாமல் இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் "த்ரீ டேஸ் அகோ". இதைச் சொல்ல எனக்கு அன்று ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பையன்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் ஜோக் சொன்னேன்.

இந்த ரகளை நடந்த அன்று ராத்திரி ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து அதே பேட்ச் மாணவன் ஒருவன் எனக்குத் தனியாகக் குரல்பதிவு அனுப்பினான். "சார், இங்க என் மேனேஜர் ஜெர்மன்காரர், பெரிய இன்ஜினியர். அவரும் மீட்டிங்ல 'பிஃபோர் டூ டேஸ்'னுதான் சார் சொல்றார். யாரும் சிரிக்கறதில்லை." அப்புறம் விளக்கினான். ஜெர்மனில் இரண்டு நாளைக்கு முன் என்பதற்கு "ஃபோர் ட்ஸ்வை டாகன்" என்பார்களாம். "ஃபோர்" என்றால் முன். கல்லணைச் சாலைப் பையன் போட்ட அதே கணக்கு. சின்ஸுக்கும் ஃபாருக்கும் அவர்களிடம் ஒரே சொல், "ஸைட்". "வெள்ளி வரை", "வெள்ளிக்குள்" இரண்டுக்கும் ஒரே சொல், "பிஸ்". அதனால் "பை", "அன்டில்" இரண்டையும் அவர்கள் மாற்றி மாற்றிப் போடுவார்களாம். ஐரோப்பாக்காரர் தடுமாறினால் அது அயல்மொழிக்காரரின் உச்சரிப்பு மாதிரி, ரசிப்பார்கள். மார்க்கெட்டில் இலை இறக்கிவிட்டு வருகிறவன் தடுமாறினால் அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. அந்தக் குரல்பதிவை நான் நாலு தடவை கேட்டேன்.

சரி, இதெல்லாம் சொன்னதால் "சார் எல்லாத்தையும் விட்டுட்டார், எப்படி வேணா எழுதலாம்" என்று முடிவு கட்டாதீர்கள். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அந்தக் கட்சி. இது இந்தியன் இங்கிலீஷ், நம்ம பாணி, யாருக்கும் பதில் சொல்லவேண்டாம் என்பார். "ப்ரீபோன்" விஷயத்தில் நான் அவர் பக்கம். போஸ்ட்போன் இருக்கும்போது ப்ரீபோன் இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று? நல்ல சொல், நமக்கு வேண்டியிருக்கிறது. "சின்ஸ் த்ரீ டேஸ்" என்று கிளினிக்கில் சொன்னால் காய்ச்சல் கூடப்போவதில்லை. ஆனால் சில இடங்களில் காலச் சொல் மாறினால் காரியம் கெடும். அங்கே பாணி பேச முடியாது.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிற ஒரு மாணவி லீவில் வந்தபோது சொன்னாள். ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கவேண்டும். பழக்கத்தில் ஒருநாள் "டிரெஸ்ஸிங் சேஞ்ச்ட் பிஃபோர் டூ டேஸ்" என்று எழுதிவிட்டாள். வந்தவருக்கு, மாற்றியாகிவிட்டதா, இரண்டு நாளுக்குள் மாற்றவேண்டுமா என்று சந்தேகம். கேட்டுத் தெரிந்துகொண்டார், நல்லவேளை. "அதுலேர்ந்து நான் நாள்கணக்கே எழுதறதில்லை சார், தேதியைப் போட்டுடறேன்" என்றாள். எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லாத நல்ல யோசனை.

இன்னொன்று நம் குடும்பத்திலேயே நடந்தது. உறவினர்களுக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவன் அனுமதி கொடுத்துத்தான் எழுதுகிறேன். என் அக்கா பேரன் மேல்படிப்புக்கு வெளிநாடு போனான். எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாம். தங்கும் அறையின் சாவி வாங்க ஒரு அலுவலகம். அங்கிருந்து மெயில்: "தி ஆபீஸ் வில் பி குளோஸ்ட் அன்டில் மண்டே." இவன் எப்படிப் படித்தான்? திங்கட்கிழமை வரை மூடியிருக்கும். நம்ம ஊரில் "திங்கட்கிழமை வரைக்கும் ஸ்கூல் லீவு" என்றால் திங்கட்கிழமையும் லீவுதான். செவ்வாய்க்கிழமைதான் புத்தகப்பையைத் தேடுவோம். இவனும் செவ்வாய்க்கிழமை காலையில் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டுப் போனான். "நேற்றே திறந்துவிட்டோமே, திங்கட்கிழமை வந்து வாங்காத அறைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். பதினைந்து நாள் ஒரு சிநேகிதன் அறையில் தரையில் படுத்தான். "தாத்தா, நீங்க இங்கிலீஷ் வாத்தியார், எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலையே" என்று போனில் கேட்டான். நியாயமான கேள்வி.

மூடியிருக்கிறது, வரவில்லை, கிடையாது என்ற பேச்சோடு "அன்டில் மண்டே" வந்தால் திங்கட்கிழமை அந்த நிலைமை முடிந்துவிடும். திங்கள் காலையில் போய் நிற்கவேண்டும். ஆனால் "வேலிட் அன்டில் ஃபிஃப்டீன்த்" என்றால் சாதாரணமாகப் பதினைந்தும் சேர்த்திதான். இங்கே தமிழை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கிலீஷே தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டு நிற்கிற இடம் இது. அதனால்தான் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் "அப் டு அண்டு இன்க்ளூடிங்" என்று நீட்டுகிறார்கள். அமெரிக்காக்காரர்கள் "த்ரூ மண்டே" என்று சொல்லித் திங்கட்கிழமையையும் உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். நம் சர்க்கார் ஆபீஸ்களின் இங்கிலீஷைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் விண்ணப்பங்களில் "ஆன் ஆர் பிஃபோர்" என்று போடுகிறார்களே, அதற்கு நான் தொப்பியைக் கழற்றுவேன். கடைசித் தேதியும் உண்டா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. அன்டில் என்று வருகிற எந்தக் கடிதத்துக்கும் ஒருவரி பதில் எழுதி, "அந்த நாளும் சேர்த்தியா?" என்று கேட்டுவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். கேட்டதால் யாருக்கும் அறை போகவில்லை.

"பை" சுலபம். கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். "காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்." எவ்வளவு கச்சிதம் பாருங்கள். ஒன்பதுக்கு முன்னால் தாலி ஏறாது, பத்தரையைத் தாண்டவும் கூடாது. அந்த "மணிக்குள்" தான் பை. ஆனால் நாம் "க்குள்" என்ற ஒன்றையே தேதிக்கும் வைக்கிறோம், நாள்கணக்குக்கும் வைக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள், மூணு நாளுக்குள். இங்கிலீஷ் அங்கே பிரிகிறது. வெள்ளிக்கிழமை ஒரு புள்ளி, அதற்கு "பை ஃப்ரைடே". மூணு நாள் ஒரு நீளம், அதற்கு "விதின் த்ரீ டேஸ்". "விதின் ஃப்ரைடே", "விதின் தர்ட்டியத்" என்று எழுதாத ஆபீஸ் தமிழ்நாட்டில் உண்டா என்று தெரியவில்லை. நான் பார்த்ததில்லை.

தமிழ் நம்மை முழுசாகக் கைவிடுகிற இடம் ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். "கடைசியில்." மாசக் கடைசியில் சம்பளம். கடைசியில் அவனே ஒத்துக்கொண்டான். கடைசியில் ஒருவழியாக பஸ் வந்தது. மூன்றுக்கும் நமக்கு ஒரே சொல். இங்கிலீஷில் முதலாவது "அட் தி எண்ட் ஆஃப் தி மன்த்". இரண்டாவது "இன் தி எண்ட்". மூன்றாவது "அட் லாஸ்ட்", சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் நின்றவனுடைய பெருமூச்சு அதில் இருக்கும். இங்கே தமிழைக் கேட்டுப் பயனில்லை. உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். இதற்கு மட்டும் அந்தக்காலத்து நான் வேண்டும், பிரம்பில்லாமல்.

இன்று ஆசிரியராக இருக்கிற என் மாணவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களில் ஏழெட்டுப் பேர் இங்கிலீஷ் எடுக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று இன்னும் ஒரு சட்டம் இருந்தால், இந்தப் பாடத்துக்கு மட்டுமாவது அதைத் தள்ளிவையுங்கள். பையனை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நேரத்துக்கா, நேரத்தோடா? நாளா, நாளிலேர்ந்தா? வரைக்குமா, குள்ளா? அவன் வாயில் விடை ஏற்கனவே இருக்கும். பேச்சுப் பழக்கம் கெட்டுவிடும், எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பான் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். மொழிபெயர்க்கத்தான் செய்கிறான், நீங்கள் தடுத்தாலும் மனசுக்குள் செய்கிறான். தடுப்பதால் அதைத் தப்பாகச் செய்கிறான், உங்களுக்கும் தெரியாமல் செய்கிறான். என் அனுபவம் இது. மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள், கோபிக்க மாட்டேன்.

பாலக்கரைத் தம்பிக்கு: உன் அழைப்பை மறுபடி இங்கிலீஷிலேயே போடு. "தி ஃபங்ஷன் வில் ஸ்டார்ட் அட் டென் ஓ கிளாக். ப்ளீஸ் பி தேர் பை நைன் தர்ட்டி." இரண்டே இடம் மாறியிருக்கிறது. மண்டபம் பிடித்தது, சமையல் பேசியது, நூற்றுச் சொச்சம் பேரைத் தேடிப்பிடித்தது எல்லாம் நீ. சிரித்தவர்கள் ஒருவரும் அதைச் செய்யவில்லை. பெங்களூர்த் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. அவனிடம் போனில் பேசிவிட்டேன். "சார், நீங்க சொன்னதுதானே சார்" என்றான். ஆமாம் என்றேன்.

"ஹாஃப் டென்" என்று மட்டும் யாரும் சொல்லிவைக்காதீர்கள். இங்கிலாந்துக்காரருக்கு அது பத்தரை. ஜெர்மன்காரர் தம் மொழியில் அதே மாதிரி சொல்வது ஒன்பதரையை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து வருகிறவன் அங்கே பழகிய பழக்கத்தில் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து பூட்டிய மண்டபத்தின் வாசலில் நிற்பான்.

நான் ஒன்பது மணிக்கே வந்துவிடுவேன். முழங்கால் வலி, படியேறக் கொஞ்ச நேரம் ஆகும்.

இன்னொரு விஷயம். கல்லணைச் சாலையிலிருந்து வந்த அந்தப் பையன் குழுவில் இல்லை. பாலக்கரைத் தம்பியைக் கேட்டேன், அவனிடமும் நம்பர் இல்லை. காந்தி மார்க்கெட்டில் இலைக் கடைகளில் விசாரித்தால் யாருக்காவது தெரிந்திருக்கலாம் என்றான். நான் வியாழக்கிழமை காலையில் போகலாம் என்றிருக்கிறேன். அதற்குள் உங்களில் யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். இங்கே கீழே அவன் பெயரை எழுதாதீர்கள்.